பொருந்தாத ஸ்கிளீரல் லென்ஸ்: அதே இடத்தில் திருத்துவதா, ஆளை மாற்றுவதா, லென்ஸையே மாற்றுவதா?

கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள், கண்ணில் போடும் பெரிய கெட்டி லென்ஸான ஸ்கிளீரல் லென்ஸ் பற்றி என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "இவ்வளவு பணம் கொடுத்து ஸ்கிளீரல் லென்ஸ் வாங்கியாச்சு. காலையில் பளிச்சென்று தெரிகிறது. மத்தியானத்துக்கு மேல் ஒரே புகைமூட்டம். சாயங்காலம் கண் சிவந்து உறுத்துகிறது. வாங்கின இடத்தில் கேட்டால் போகப் போகப் பழகிடும் என்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? இல்லை, இந்த லென்ஸே எனக்கு ஒத்துவராதா?"

எனக்கும் இரண்டு கண்ணிலும் கருவிழி கூம்பாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டால் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது, லென்ஸ் போட்டால் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு லென்ஸ் பொருந்தவில்லை என்றால் வண்டி ஓட்ட முடியாது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது, பரீட்சை எழுத முடியாது. அதனால்தான் அவசரத்தில் கையில் இருக்கும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு பெரிய தொகையைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் அதற்கு நேர்மாறாக, பொருந்தாத லென்ஸோடு மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத கஷ்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்த்தாலே கூச்சம், கழற்றிய பிறகும் குறையாத சிவப்பு, பார்வை சட்டென்று மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பொருத்திய கருவிழியை உடல் ஏற்க மறுக்கும்போதும் இதே அறிகுறிகள்தான் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலானவர்கள் விலையையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: கோளாறு இன்னதென்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? "லென்ஸ் டைட்டா இருக்கு" என்பது பாதிப் பதில்தான். "மூக்குப் பக்கம் ஓரம் அழுத்துது, அங்கே ரத்தக்குழாய் வெளுத்துத் தெரியுது, அடுத்த லென்ஸில் அந்தப் பக்கத்தை மட்டும் தளர்த்துறேன்" என்பதுதான் முழுப் பதில். இப்படிச் சொல்லத் தெரிந்தவர் சின்ன ஊர் கிளினிக்கில் இருந்தாலும் அவரிடம் இருக்கலாம். சொல்லாதவர் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, கருவிழி நிலையாக இருக்கிறதா என்பது. கூம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் இன்று கச்சிதமாகச் செய்த லென்ஸ் சில மாதத்தில் பொருந்தாமல் போகும். அங்கே லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பு எடுத்த டோப்போகிராஃபியையும் (கருவிழி வளைவின் வரைபடம்) இப்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது வயதை ஒட்டியவர்கள், அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கேட்காமல் வரவே கூடாது.

அப்புறம் மொத்தச் செலவு (லென்ஸ் விலை அதில் ஒரு பங்குதான்), காத்திருக்கும் காலத்தில் வேலையோ படிப்போ என்ன ஆகும், அந்த இடத்தில் தேவையான கருவியும் போட்டுப் பார்க்கும் ட்ரையல் லென்ஸ் செட்டும் இருக்கிறதா, இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

## முடிவுக்கு முன்: கோளாறு எங்கே?

இந்தப் பகுதியை நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. இது தெளிவானால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பழைய வகையான ஆர்ஜிபி (ஆக்ஸிஜனை ஊடுருவ விடும் சின்னக் கெட்டி லென்ஸ்) 9, 10 மில்லிமீட்டர் அகலம்தான். அது கருவிழி மேலேயே உட்காரும். ஸ்கிளீரல் லென்ஸ் பெரியது. பெரும்பாலும் 15 மில்லிமீட்டருக்கு மேல். கருவிழியைத் தொடாமல் அதைத் தாண்டி, வெள்ளைவிழியில் ஓரம் பதிந்து நிற்கும். நடுவில் இருக்கும் இடைவெளியைச் சலைன் என்ற சுத்தமான உப்புநீர் நிரப்பும். மேடுபள்ளமான கருவிழியைச் சமன் செய்து தெளிவான பார்வை தருவது இந்த நீர்ப்படலம்தான். ஆக, லென்ஸில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: நடுவில் இடைவெளி, கருவிழியின் விளிம்பில் இடைவெளி, வெள்ளைவிழியில் ஓரம் எப்படி உட்காருகிறது.

நடு இடைவெளியை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? சலைனில் கொஞ்சம் ஃப்ளூரசின் சாயம் கலந்து லென்ஸைப் போட்டுவிட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கண் மைக்ராஸ்கோப்பின் மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகக் கண்ணில் விடுவார்கள். முன்னால் லென்ஸ் ஒரு கறுப்புப் பட்டையாக, அதன் பின்னால் நீர் பச்சைப் பட்டையாக, அதற்கும் பின்னால் கருவிழி சாம்பல் பட்டையாகத் தெரியும். லென்ஸின் தடிமன் ஏற்கெனவே தெரியும் என்பதால், பச்சைப் பட்டை அதில் எவ்வளவு என்று ஒப்பிட்டே இடைவெளியைக் கணித்துவிடலாம். கண்ணைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி கருவி இருந்தால் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலேயே அளக்கலாம். லென்ஸ் போட்ட சில மணி நேரத்தில் அது சுமார் 100 மைக்ரான் கீழே இறங்கி அமர்ந்துவிடும். அமர்ந்த பிறகு 200 மைக்ரானை ஒட்டி இடைவெளி மிஞ்சினால் பலரும் திருப்தி அடைவார்கள். அதனால்தான் போட்ட பத்தாவது நிமிஷத்தில் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வீட்டில் நீங்களே கவனிக்கக் கூடியவை:

புகைமூட்டம். லென்ஸைப் போட, கழற்ற உதவும் ரப்பர் உறிஞ்சியான பிளஞ்சரின் நுனியைச் சலைனில் நனைத்து, லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே முன்பக்கத்தை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். (உறிஞ்சிப் பிடிக்கும்படி அழுத்த வேண்டாம்.) உடனே தெளிவானால் லென்ஸின் மேற்பரப்பில்தான் படிவு. சுத்தம் செய்யும் முறை, இமையோர எண்ணெய்ச் சுரப்பி, லென்ஸ் மேல் பூச்சு இவற்றைத்தான் பார்க்க வேண்டும். துடைத்தும் தெளியாமல், கழற்றிப் புது சலைன் ஊற்றிப் போட்டதும் தெளிந்தால், அழுக்கு பின்னால் உள்ள நீரில் சேருகிறது. ஓரம் எங்கேயோ தூக்கி நிற்கலாம், விளிம்பில் இடைவெளி அதிகமாக இருக்கலாம், அலர்ஜி கட்டுப்படாமல் இருக்கலாம்.

நேரம் ஆக ஆக வலி. போட்ட உடனே சுகமாக இருந்து, நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு வலித்தால், கழற்றவும் சிரமமாக இருந்தால், ஓரம் அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். கழற்றியதும் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வெள்ளைவிழியில் வளையமாக ஒரு பள்ளத்தடம் தெரிந்து, அதைச் சுற்றிச் சிவந்து வந்தால், செல்போனில் அப்போதே படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும் நேரத்துக்குள் அது மறைந்துவிடும். அந்தப் படம் பத்து வாக்கியத்தை விட அதிகம் சொல்லும்.

போட்டதுமே உறுத்தல். கண் சிமிட்டும்போதெல்லாம் ஏதோ தட்டுப்படுவது ஓரம் தூக்கி நிற்பதைக் காட்டும். போட்ட கையோடு கண்ணாடியில் காற்றுக்குமிழி தெரிந்தால் அது போடும் முறையில் வந்தது. சலைனை விளிம்பு வரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து மறுபடி போட்டால் சரியாகும். சில மணி நேரம் கழித்துக் குமிழி வந்தால் அது பொருத்தத்தின் கோளாறு.

விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பல மணி நேரம் போட்ட பிறகு இப்படித் தெரிந்தால் கருவிழிக்கு ஆக்ஸிஜன் போதாமல் நீர் கோத்திருக்கலாம். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றுக் கருவிழி உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வலியே இல்லை, பார்வைதான் சுமார். வலது லென்ஸும் இடது லென்ஸும் மாறிப்போகவில்லையே என்று முதலில் பாருங்கள். லென்ஸில் புள்ளியடையாளம் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரி என்றால் பவர் திருத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகும் எழுத்துக்குப் பின்னால் ஒரு நிழல் மிஞ்சினால், கருவிழியின் பின்பக்க வளைவிலிருந்து அது வரலாம். நீர்ப்படலம் முன்பக்கத்தைத்தான் சமன் செய்கிறது. எத்தனை முறை லென்ஸை மாற்றிச் செய்தாலும் அந்தக் கொஞ்ச நிழல் அப்படியே இருக்கும். இதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லும் நிபுணர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

## வழி 1: பொருத்திய இடத்திலேயே திருத்துவது

என் விருப்பம் எப்போதும் இங்கிருந்து தொடங்குவதுதான். ஸ்கிளீரல் லென்ஸ் முதல் ஆர்டரிலேயே கச்சிதமாக அமைவது எல்லோருக்கும் நடப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது லென்ஸில் சரியாவது இந்தத் தொழிலில் வழக்கம். முதல் லென்ஸ் பொருந்தவில்லை என்பதால் உங்கள் நிபுணர் மோசமானவர் ஆகிவிட மாட்டார். உங்கள் கண்ணில் முதல் லென்ஸ் எப்படி உட்கார்ந்தது என்ற தகவல் அவர் கையில் இருக்கிறது. அடுத்த ஆர்டருக்கு அதுதான் முதலீடு.

"திருத்துவது" என்றால் கையில் இருக்கும் லென்ஸை வளைத்துத் தருவது கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆர்ஜிபி லென்ஸில் ஓரத்தை மழுக்கலாம், மேற்பரப்பைப் பாலிஷ் செய்யலாம். ஸ்கிளீரல் லென்ஸின் வளைவையோ ஆழத்தையோ மாற்ற வேண்டுமென்றால் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு திருத்தமும் ஒரு புது ஆர்டர், ஒரு புதுக் காத்திருப்பு. லென்ஸ் செய்யும் லேப் வெளிநாட்டில் இருந்தால் வாரங்கள் ஆகலாம்.

அந்த விசிட்டுக்குப் போகும்போது லென்ஸைப் போட்டுக்கொண்டே போங்கள், அதுவும் குறைந்தது நான்கு மணி நேரம் போட்ட பிறகு. காலை முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, வாசலில் லென்ஸ் போட்டு உள்ளே போனால் கோளாறு தெரியாது. எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்குப் புகைந்தது, எப்போது வலித்தது என்று ஒரு வாரம் போனில் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கேட்க வேண்டிய கேள்வியும் எளிமையானது: "சார், இதில் என்ன கோளாறு பார்க்கிறீங்க? அடுத்த லென்ஸில் எதை மாற்றப் போறீங்க?" பதிலில் ஒரு இடமும் ஒரு மாற்றமும் இருக்க வேண்டும். "நடுவில் இடைவெளி குறைவு, ஆழத்தை நூறு மைக்ரான் கூட்டுறேன்." "வெள்ளைவிழி ஒரு பக்கம் தட்டையா, ஒரு பக்கம் சரிவா இருக்கு. ஓரத்தை டோரிக்கா, அதாவது பக்கத்துக்குப் பக்கம் வேற வளைவா, ஆர்டர் பண்றேன்." வெள்ளைவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவில் இருக்காது, மூக்குப் பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும் என்பதால் இந்த இரண்டாவது பதில் அடிக்கடி வரும். "கொஞ்ச நாள் போட்டுப் பாருங்க, பழகிடும்" என்பது புதிதாக ஆர்ஜிபி போடுபவரின் ஆரம்ப உறுத்தலுக்குச் சரியான பதில். நேரம் ஆக ஆகக் கூடும் வலிக்கு அது பதிலாகாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே மாற்றித் தரும் காலக்கெடு. பல லேப்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் இலவசமாகவோ குறைந்த விலையிலோ மாற்றித் தரும். பழகட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அந்தக் கெடு ஓடிவிடும். எத்தனை முறை மாற்றலாம், எந்தத் தேதி வரை, உடைந்தாலோ தொலைந்தாலோ என்ன என்பதைப் பணம் கட்டும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய லென்ஸைத் திருப்பித் தந்தால்தான் மாற்றுவார்கள் என்றால், இடைப்பட்ட நாட்களில் எதைப் போடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இது யாருக்கு நல்லது: கெடு இன்னும் இருப்பவர்களுக்கு, காரணத்தைச் சொல்லக் கூடிய நிபுணர் கிடைத்தவர்களுக்கு, ஒவ்வொரு லென்ஸும் முந்தையதை விட ஒரு படி மேலாக இருப்பவர்களுக்கு.

## வழி 2: வேறு நிபுணரிடம் போவது

எப்போது போகலாம்? ஒரே புகாருக்கு இரண்டு மூன்று லென்ஸ் மாற்றியும் எந்த முன்னேற்றமும் இல்லாதபோது. ஒவ்வொரு முறையும் சாயம் போட்டுப் பார்க்காமல் பவரை மட்டும் மாற்றும்போது. ஒரே ஒரு ட்ரையல் செட்தான் கைவசம் என்னும்போது. உங்கள் புகாரைக் காதில் வாங்காதபோது. இவற்றில் கடைசியை நான் மிகப் பெரிய காரணமாக நினைக்கிறேன். கண் சிவந்து வலிக்கிறது என்று சொல்பவரை "ரொம்ப சென்சிட்டிவ்" என்று திருப்பி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய கண் மருத்துவமனைகள் உண்டு. சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் தொடங்கிப் பல ஊர்களில் கிளை பரப்பிய அரவிந்த் ஆகிய இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இது தவிர லென்ஸ் பொருத்துவதை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் (பார்வைப் பரிசோதனை நிபுணர்கள்) பெரிய நகரங்களில் தனியாக இருக்கிறார்கள். ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது தனி கிளினிக்கின் பலம். கருவிழி டாக்டர், ஓசிடி, ஆபரேஷன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய ஆஸ்பத்திரியின் பலம். அங்கே ஒவ்வொரு முறையும் வேறு ஆள் பார்க்கும் நிலை வரலாம். யாரிடம் காட்டினீர்களோ அவர் பெயரைக் குறித்துக்கொண்டு அவர் இருக்கும் நாளிலேயே அடுத்த அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

செலவு இங்கே பல வடிவில் ஒளிந்திருக்கிறது. புது இடத்தில் பரிசோதனை முதலிலிருந்து. அவர்கள் பயன்படுத்தும் லென்ஸ் டிசைன் வேறாக இருந்தால் பழைய அளவுகளை அப்படியே போட முடியாது. லென்ஸ் விலை மறுபடி முழுதாக. தென்காசியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொரு விசிட்டுக்கும் ரயில், தங்குமிடம், லீவு, துணைக்கு வருபவரின் லீவு. தள்ளி நின்று சேர்த்துப் பார்த்தால் இது சில சமயம் லென்ஸ் விலையையே தொட்டுவிடும். ட்ரையல், ஆர்டர், டெலிவரி, மறுபரிசோதனை என்று எத்தனை முறை நேரில் வர வேண்டும், எதையாவது போனில் முடிக்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள்.

வெளியேறும் முன் பழைய இடத்திலிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை: லென்ஸின் வளைவு, விட்டம், ஆழம், பவர், ஓரத்தின் வடிவம், மெட்டீரியல், டிசைன் பெயர், லேப் பெயர். இதுவரை ஆர்டர் செய்த எல்லா லென்ஸுக்கும். அப்புறம் டோப்போகிராஃபி அறிக்கைகள். மருத்துவரின் பதிவேட்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதியிலேயே இருக்கிறது. சங்கடப்படாமல் கேளுங்கள். "சார், ஊர் மாறிப் போறேன், ரெக்கார்டு வேணும்" என்றாலே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

பொருந்தாத லென்ஸையும் எடுத்துப் போங்கள். கண்ணில் அது உட்காரும் விதத்தைப் பார்த்தாலே புது நிபுணருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் புது டோப்போகிராஃபி எடுப்பதற்கு முன் எத்தனை நாள் லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்ஜிபி கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக அழுத்தி மாற்றிவிடும் என்பதால் சிலருக்கு வாரக்கணக்கில் சொல்வதுண்டு. அத்தனை நாள் லென்ஸ் இல்லாமல் வேலை எப்படி என்பதும் ஒரு செலவுதான். ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போகலாமா என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

## வழி 3: லென்ஸ் வகையை மாற்றுவது

கோளாறு வகையில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது. ஸ்கிளீரல் லென்ஸில் மூக்கோரம் அழுத்துகிறது என்பதற்காக ஆர்ஜிபிக்குத் திரும்புவது அவசரம். ஓரத்தை மாற்றினால் போதும்.

*ஆர்ஜிபியில் இருப்பவர்கள்.* லென்ஸ் கழன்று விழுகிறது, தூசி விழுந்தால் உயிர் போகிறது, கூம்பின் உச்சியில் உரசுகிறது என்றால் மாற்ற நியாயமான காரணம் இருக்கிறது. உச்சியில் தொடர்ந்து உரசினால் தழும்பு விழும் அபாயம் உண்டு. முதலில் கெரட்டோகோனஸுக்கென்றே வடிவமைத்த ரோஸ் கே போன்ற ஆர்ஜிபியைப் பார்க்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் ரோஸ் உருவாக்கியது இது. மிதமான கூம்புக்கு இன்றும் நல்ல தேர்வு, விலையும் ஸ்கிளீரலை விடக் குறைவு. இன்னொரு வழி, கீழே மென்மையான லென்ஸ், அதன் மேல் ஆர்ஜிபி என்று இரண்டாகப் போடுவது. உறுத்தல் குறையும். ஆனால் தினமும் இரண்டு விதமாகச் சுத்தம் செய்ய வேண்டும், கருவிழிக்குப் போகும் ஆக்ஸிஜனும் குறையும். நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மென்மையாகவும் உள்ள ஹைபிரிட் லென்ஸும் உண்டு. அதன் ஓரம் கிழியும், அடிக்கடி புதிது வாங்க வேண்டியிருக்கும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

*ஸ்கிளீரலில் இருப்பவர்கள்.* விட்டத்தை மாற்றுவதே சிலருக்குத் தீர்வு. சின்ன விட்டம் கையாள எளிது, சின்னக் கண்களுக்கும் ஏற்றது. ஆனால் உயரமான கூம்பைத் தாண்டி நிற்கப் பெரிய விட்டம் தேவைப்படலாம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குப் பின் (பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் தோலும் கண்ணும் புண்ணாவது) கண் வறண்டவர்கள், மற்ற லென்ஸெல்லாம் தோற்றவர்கள் ஆகியோருக்கு ப்ரோஸ் எனப்படும், கண்ணுக்குத் தக்கபடி தனியாகச் செய்யும் ஸ்கிளீரல் லென்ஸ் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டனில் உருவானது. இந்தியாவில் எல்.வி. பிரசாத், சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் கிடைக்கிறது. அங்கேயே உட்காரவைத்து, கண்ணில் பார்த்து, கணினியில் திருத்தி, அடுத்ததைப் போட்டுப் பார்ப்பது அதன் பலம். விலை மற்றவற்றை விட நிறைய அதிகம், சில நாள் தொடர்ந்து அங்கேயே தங்க நேரலாம். சாதாரண ஸ்கிளீரலின் ஓரத்தை டோரிக் செய்தாலே சரியாகக் கூடியவருக்கு இது தேவையில்லை.

எந்த வகைக்கும் தொடர்செலவு உண்டு: சுத்தம் செய்யும் திரவம், ஸ்கிளீரல் என்றால் அதோடு பாதுகாப்புப் பொருள் கலக்காத சலைன், பிளஞ்சர். இது மாதாமாதம் வரும். சலைன் விலை தாங்காமல் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்று பார்வையையே எடுத்துவிடும். சலைனுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட முடியாவிட்டால் ஸ்கிளீரலுக்குப் பதில் நல்ல ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுப்பது முழுக்க நியாயமான முடிவு.

## வழி 4: ஆபரேஷன்

சுருக்கமாகவே சொல்கிறேன். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலெட் ஒளி பாய்ச்சும் கிராஸ்-லிங்கிங், கூம்பு வளர்வதை நிறுத்துவதற்கானது. அதைச் செய்துகொண்டால் லென்ஸ் வேண்டாம் என்று நினைப்பது தவறு. ஆனால் கூம்பு வளர்கிறது என்று தெரிந்தால், லென்ஸைத் திருத்துவதற்கு முன் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். கருவிழி மாற்று அறுவை, தழும்பு அதிகமானவர்களுக்கும் எந்த லென்ஸும் நிற்காதவர்களுக்கும். அதற்குப் பிறகும் பலருக்குக் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும். பொருந்தாத லென்ஸின் எரிச்சலில் எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அதே இடம் | வேறு நிபுணர் | வேறு வகை லென்ஸ் |
|---|---|---|---|
| எப்போது பொருந்தும் | காரணம் தெரிந்தது, கெடு இருக்கிறது, முன்னேற்றம் தெரிகிறது | மாற்றியும் முன்னேற்றம் இல்லை, காரணம் சொல்லவில்லை | பொருத்தம் சரி, ஆனாலும் போட முடியவில்லை. கூம்பின் உயரம் வகைக்கு மீறியது |
| பணம் | குறைவு, கெடுவுக்குள் என்றால் | பரிசோதனை, லென்ஸ் இரண்டும் புதிதாக | வகையைப் பொறுத்து. ப்ரோஸ் மிக அதிகம் |
| காலம் | ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ஆர்டர் காலம் | அதோடு லென்ஸ் கழற்றி வைக்கும் நாட்களும் | புதிதாகப் போட, கழற்றப் பழகும் காலமும் |
| கண்ணில் படாத செலவு | கெடு முடிந்துவிடுவது | பயணம், லீவு, ரெக்கார்டு இல்லாமல் மறுபடி தொடங்குவது | சலைன், திரவம், அடிக்கடி மாற்றுவது |
| எப்போது வேண்டாம் | "பழகிடும்" தவிர வேறு பதில் இல்லாதபோது | முதல் லென்ஸிலேயே, ஒரு திருத்தம்கூடக் கேட்காமல் | கோளாறு ஓரத்திலோ பவரிலோ மட்டும் இருக்கும்போது |

## பணத்தைத் திரும்பக் கேட்பது

லேப்பும் கிளினிக்கும் ஒன்றையொன்று காட்டி நழுவினால், எழுத்தில் புகார் கொடுத்துப் பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இது பணத்துக்கான வழி. கண்ணுக்கான வழியை இதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாக நடக்கட்டும். ஒரு முறை மாற்றித் தரவில்லை என்பதற்கே வழக்கு என்று போனால், நாளைக்கு உங்களைப் பார்க்க வேண்டியவரின் ஒத்துழைப்பையும் இழப்பீர்கள். அதனால் பில், தேதி, மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும், முதலில் பேசிப் பாருங்கள்.

## திருத்தம் நடக்கும் நாட்களில்

புது லென்ஸ் வரும் வரை பழையதைப் போடலாமா என்பதை நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். லேசாகப் புகைகிறது என்றால் நடுவில் ஒருமுறை கழற்றி, புது சலைன் ஊற்றிப் போட்டுச் சமாளிக்கச் சொல்லலாம். அழுத்தமும் கருவிழியில் உரசலும் இருந்தால் மணி நேரத்தைக் குறைக்கவோ முழுக்க நிறுத்தவோ சொல்வார்கள். அதைக் கேளுங்கள். முழுத் தெளிவு தராவிட்டாலும் இப்போதைய பவரில் ஒரு கண்ணாடி கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள் நடமாட, படியிறங்க, இரவில் எழ அது போதும். வண்டி ஓட்டுவதை மட்டும் அந்த நாட்களில் நிறுத்திவிடுங்கள்.

மாற்றுக்குத் திருப்பிக் கேட்காத பழைய லென்ஸ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கெட்டி லென்ஸ் என்பதால் நன்றாகக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, தேதியும் எந்தக் கண் என்பதும் எழுதிய பெட்டியில் வைக்கலாம். மறுபடி போட வேண்டி வந்தால் நிபுணரிடம் காட்டி, கிருமி நீக்கி, திரவத்தில் ஊறவைத்த பிறகுதான் போட வேண்டும். புது லென்ஸ் உடைந்த வாரத்தில் ஒரு தேர்வையோ ஒரு நேர்காணலையோ அது காப்பாற்றிக் கொடுக்கும்.